இருமல் வராத திங்கட்கிழமை

2007 ஜனவரியில், நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் மாத இதழில் ஒரு கட்டுரை எழுதினேன். அதன் முதல் வாக்கியம் இது: "இந்த ஆலையில் எந்தக் கருவிக்கும் முன்னால் விழித்துக்கொள்வது இவருடைய மூக்குதான்." மூன்று ஆண்டுகள் கழித்து மேலாளரின் அறையில் அந்த வாக்கியம் சத்தமாக வாசிக்கப்பட்டதைக் கேட்டேன். அதுவரை அதை நல்ல வாக்கியம் என்றே நினைத்திருந்தேன்.

அந்தத் தொழிற்சாலையில் நான் சேர்ந்தது 2006இல். அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் சிதம்பரத்திலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். சாலை விபத்து, வெள்ளாற்று மணல், தேர்த் திருவிழாக் கூட்டம். செய்தி நீளமாகப் போனால் கடைசிப் பத்தியிலிருந்து வெட்டுவார்கள். அதனால் முக்கியமானதை முதலில் எழுதவும், கடைசியில் வருவதைப் பெரிதாக எண்ணாமல் இருக்கவும் பழகியிருந்தேன். திருமணம் ஆனதும் நிலையான வேலை தேவைப்பட்டது. கடலூருக்குத் தெற்கே, ரசாயன ஆலைகள் வரிசையாக நிற்கும் சாலையில், ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இடம் கிடைத்தது.

எனக்கு மூன்று வேலைகள். மாத இதழைத் தயாரிக்கவேண்டும். விபத்தில்லாமல் கழிந்த நாட்கள் எத்தனை என்று காட்டும் பலகை வாயிலருகே இருந்தது. அதில் தினமும் காலையில் எண்ணை மாற்றவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, தொழிலாளர்கள் தங்கள் வேலையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கும் படிவங்களைக் கொடுத்து வாங்கி, தொகுத்து மேலே அனுப்பவேண்டும்.

பலகைக்கு ஒரு விதி இருந்தது. கம்பெனி ஊழியர் யாராவது காயம்பட்டால் எண் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒப்பந்தக்காரர் மூலம் வரும் ஆட்கள் அந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். முதல் நாளே இதை எனக்குச் சொல்லிவிட்டார்கள். கேன்டீன் எந்தப் பக்கம் என்று சொன்ன அதே குரலில் சொன்னார்கள்.

கட்டுரைக்கு உரியவர் கழிவுநீர்ப் பிரிவின் மூத்த ஆபரேட்டர். ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, மழை இல்லாத மாதங்களிலும் கையில் குடை. கம்பெனி பஸ்ஸில் நான் சிதம்பரம் வண்டிகேட்டில் ஏறுவேன். அவர் புதுச்சத்திரத்தில் ஏறுவார். யாருடனும் அதிகம் பேசமாட்டார். ஆலப்பாக்கம் தாண்டியதும் ஆலைகளின் காற்று பஸ்ஸுக்குள் வரும். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஜன்னலை இறக்கி மூடுவார்கள். பழையவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். நான் ஏழெட்டு மாதங்களில் ஜன்னலைத் தொடுவதை நிறுத்தினேன்.

அவருடைய வேலையை இங்கே சொல்லவேண்டும். கழிவுநீர்த் தொட்டிகள் நான்கு, ஒவ்வொன்றும் இரண்டாள் ஆழம். வாரத்தில் இரண்டு நாள் ஒன்றின் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் படிந்த சேற்றை ஒப்பந்தப் பெண்கள் நால்வர் இறங்கி அள்ளுவார்கள். அந்தச் சேற்றிலிருந்து ஒரு வாயு வரும். கொஞ்சமாக வந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமாக வந்தால் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும், பிறகு ஆளைச் சாய்க்கும். ஆகவே பெண்கள் இறங்குவதற்கு முன் ஆபரேட்டர் தொட்டியின் விளிம்பில் நின்று மோந்து பார்த்து, நாற்றம் இல்லையென்றால் பர்மிட் சீட்டில் கையெழுத்துப் போடவேண்டும். வாயுவை அளக்க மீட்டர் ஒன்று ஸ்டோரில் இருந்தது. அதை வெளியே எடுக்க மூன்று அதிகாரிகளின் கையெழுத்து வேண்டும். மூவரும் ஒரே நேரத்தில் ஆலைக்குள் இருந்த காலைப்பொழுதை நான் பார்த்ததில்லை. எல்லோரும் மூக்கையே நம்பினார்கள்.

அவருடைய மூக்கைப் பற்றிப் பல கதைகள் இருந்தன. ஒரு பைப்பில் ஊசி முனை அளவு கசிவை இருபது அடி தள்ளி நின்று கண்டுபிடித்தார் என்றார்கள். கட்டுரைக்காக அவரிடம் பேசியபோது ஒரு வரியில்தான் பதில்கள் வந்தன. கம்பெனியைப் பற்றிக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் நீளமாகப் பேசினார். அவருடைய தங்கையைக் கட்டிக்கொடுத்தது பிச்சாவரத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தில். 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்த அன்று, அப்போதைய மேலாளர் கம்பெனி லாரியை அனுப்பித் தங்கை குடும்பத்தை அழைத்து வந்து, ஒன்பது நாட்கள் கேன்டீனில் வைத்துச் சோறு போட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட உடம்பு சரியில்லை என்று அவர் லீவு போடவில்லை.

"அந்தச் சோத்த நெனச்சா லீவு லெட்டர் எழுத கை வரமாட்டேங்குது சார்" என்றார்.

இதையும் எழுதினேன். கட்டுரை வந்த வாரத்திலிருந்து ஆலை முழுக்க அவர் 'மூக்கு மாமா' ஆனார். அவரைவிட வயதில் பெரிய வாட்ச்மேனும் அப்படித்தான் கூப்பிட்டார். பெயர் வைத்த பெருமை எனக்கு இருந்தது.

அடுத்த ஆண்டு பழைய மேலாளர் ஓய்வு பெற்றார். புதியவர் வந்தார். குரலை உயர்த்தாதவர், எல்லோரையும் உட்காரச் சொல்லிப் பேசுபவர். கம்பெனி ஆட்கள் ஓய்வு பெற்ற இடங்களில் ஒப்பந்த ஆட்கள் வந்தார்கள். மருத்துவத் தகுதி இல்லை என்று எழுதப்பட்டவர்கள் ஒப்பந்தக்காரரின் கீழ் பேக்கிங் வேலைக்கு மாற்றப்பட்டார்கள். அப்படி மாற்றப்பட்ட இருவர் எங்கள் பஸ்ஸில் ஏறும் உரிமையை இழந்தார்கள். காலையில் எங்கள் பஸ் கடந்துபோகும்போது அவர்கள் டவுன் பஸ்ஸுக்குக் காத்து நிற்பது தெரியும். அந்த நிறுத்தம் வரும்போது ஜன்னலோரம் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

2009 ஜூனில், ஒரு திங்கட்கிழமை, பாய்லர் பிரிவு ஆள் ஒருவர் பண்ருட்டி மாமியார் வீட்டிலிருந்து ஒரு முழுப் பலாப்பழத்தோடு வண்டிகேட்டுக்கு வந்தார். கேன்டீனில் வெட்டி எல்லோருக்கும் தருவதாகத் திட்டம். நன்றாகப் பழுத்துவிட்ட பழம். கோணியில் சுற்றிப் பின்னால் ஓர் இருக்கைக்கு அடியில் தள்ளினார். முட்லூர் வருவதற்குள் பஸ்ஸில் பலா வாசனையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"என்னா மச்சான், பத்து வருஷத்துக்கு அப்பறம் மாமியார் வூட்ல கண்ணத் தொறந்துட்டாங்க போல" என்றார் ஒருவர்.

"பொண்ணயே குடுத்துட்டாங்கடா, இன்னும் என்னா வேணும்?"

"அப்ப பழத்த நாங்க வச்சிக்கறோம், நீ பொண்ண வச்சிக்க."

புதுச்சத்திரத்தில் மூக்கு மாமா ஏறினார். காலியாக இருந்தது அந்தக் கோணிக்கு மேலிருந்த இருக்கைதான். உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அவர் ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை. ஆலை வாசலில் இறங்கும்போது அந்த ஆள் கோணியை இழுத்து வெளியே எடுத்தார். மூக்கு மாமா அதைப் பார்த்து, "இது எங்க இருந்துச்சி?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை என்று நினைத்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பைக் கேட்டபிறகுதான் அவரும் சிரித்தார்.

அன்று மதியம் கேன்டீனில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தட்டில் இரண்டு சுளை இருந்தது. எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டேன். மறுக்கவில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

"நீங்க எழுதறதுக்கு முன்னாடியே போயிடுச்சி சார்."

வீட்டுக்குப் போய்ப் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். பேட்டிக் குறிப்பில் என் கையெழுத்திலேயே இருந்தது: "முன்னெல்லாம் நல்லா தெரியும்." அச்சில் 'முன்னெல்லாம்' இல்லை. அவர் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன், பிறகு எடுத்துவிட்டிருக்கிறேன்.

ஆண்டு மருத்துவப் பரிசோதனையை அவர் எப்படிக் கடந்தார் என்பதில் மர்மம் இல்லை. கம்பெனி டாக்டர் மூன்று புட்டிகளை நீட்டுவார். கற்பூரம், காபித் தூள், கிராம்பு எண்ணெய். எல்லா ஆண்டும் அதே மூன்று, அதே வரிசை. பரிசோதனை முடிந்து வெளியே வருபவர் வரிசையில் நிற்பவருக்கு அதைச் சொல்லிக்கொண்டே போவார்.

தொட்டி வேலையை எப்படிச் சமாளிக்கிறார் என்பதையும் அவரே சொன்னார். அவருக்குக் கீழே இளைய ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். கடலூர் பழைய நகரத்துக் கிறிஸ்தவர். உறவு எதுவும் இல்லாவிட்டாலும் மூத்தவரை மாமா என்றுதான் கூப்பிடுவார். இந்த இளையவருக்கு மட்டும் விஷயம் தெரியும். இருவரும் விளிம்பில் சேர்ந்து நிற்பார்கள். நாற்றம் இருந்தால் இளையவர் ஒருமுறை இருமுவார். உடனே மூக்கு மாமா பர்மிட் சீட்டை மடித்துப் பையில் வைத்து, "இன்னும் அரமணி போவட்டும்மா" என்று பெண்களிடம் சொல்வார். இருமல் வரவில்லை என்றால் கையெழுத்துப் போடுவார். மூன்று ஆண்டுகளாக ஒரு தவறும் நடக்கவில்லை. அந்த மூன்று ஆண்டுகளும் பலகையில் எண்ணை ஏற்றிக்கொண்டிருந்தவன் நான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் பேக்கிங்குக்குப் போவார், அந்த நிறுத்தத்தில் நிற்பார். ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகள் இருந்தன. என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள இது போதுமாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. சொன்னால் என் கட்டுரையும் பொய்யாகும்.

2010 தொடக்கத்தில் ஆண்டுப் படிவங்கள் வந்தன. இங்கே வேலை செய்வதில் பெருமை அடைகிறீர்களா, உங்கள் பாதுகாப்பில் நிர்வாகம் அக்கறை காட்டுகிறதா, இங்கேயே நீடிக்க விரும்புகிறீர்களா. எதிரே ஐந்து கட்டங்கள். பெரும்பாலான பிரிவுகளில் ஒருவரே எல்லோருடையதையும் நிரப்பியிருந்தது மையின் நிறத்தில் தெரிந்தது. எல்லோரும் பெருமை அடைந்தார்கள், எல்லோரும் நீடிக்க விரும்பினார்கள். நீடிக்க விரும்பியது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு எங்கே போவது என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூக்கு மாமா தன் படிவத்தைத் தானே நிரப்பியிருந்தார். எல்லாக் கேள்விக்கும் ஐந்தாவது கட்டம். கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தது. முந்தைய ஆண்டுகளில் அங்கே அவர் 'இல்லை' என்று எழுதுவார். இந்த முறை எழுதியிருந்தார்: "தொட்டிக்கு மீட்டர் தினமும் வேண்டும். ஸ்டோரில் வைத்தால் பயன் இல்லை."

அவர் ஏன் அதைக் கேட்டார் என்று அந்த ஆலையில் இருவருக்குத்தான் தெரியும். ஒருவர் இளைய ஆபரேட்டர். மற்றவன் தொகுப்பறிக்கை எழுதிக்கொண்டிருந்த நான். அறிக்கை இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தனித்தனிக் கோரிக்கைகள் கடைசிப் பத்தியில் இருந்தன. அறிக்கை ஏழு வரி கூடிவிட்டது. கடைசிப் பத்தியை வெட்டினேன். டீ ஆறிவிடுமே என்ற எண்ணம் இருந்தது, அது நினைவிருக்கிறது.

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இளைய ஆபரேட்டரின் மகளுக்குப் புது நன்மை, தேவாலயத்தில் முதல்முறை நற்கருணை வாங்கும் சடங்கு. பஸ்ஸில் எங்கள் எல்லோருக்கும் அழைப்பு வந்திருந்தது. உறவினர்கள் வந்திருந்ததால் திங்கட்கிழமையும் லீவு போட்டார். போவதற்கு முன் மூக்கு மாமாவிடம், திங்கட்கிழமை தொட்டி வேலை வேண்டாம், செவ்வாய்க்குத் தள்ளிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவரும் சரி என்றிருக்கிறார். திங்கட்கிழமை காலை ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி வந்து, செவ்வாய்க்கிழமை இந்தப் பெண்களை வேறு ஆலைக்கு அனுப்பவேண்டும், இன்றே முடித்துவிடுங்கள் என்றார். மூன்றாம் தொட்டி வடிந்து தயாராக இருந்தது.

நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. மூன்று பெண்களிடமும் அவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். நால்வர் சொன்னதும் ஒத்துப்போயிற்று.

அவர் வழக்கம்போல் விளிம்பில் நின்றார். பெண்கள் பின்னால் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, முப்பது வயது இருக்கும், எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பவள், "இன்னிக்கி நாத்தம் ஜாஸ்தியா இருக்குது மாமா" என்றாள். அவள் இதைத் தினமும் சொல்வாள். நாற்றத்துக்கும் சேர்த்து மேஸ்திரியிடம் கூலி கேட்கவேண்டும் என்பது அவளுடைய வழக்கமான கிண்டல். மற்றவர்கள் சிரித்தார்கள். மூக்கு மாமா குனிந்து தொட்டியைப் பார்த்தபடி, எப்போதும் காத்திருக்கும் நேரம் காத்திருந்தார். பிறகு பர்மிட் சீட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

கிண்டல் செய்தவள்தான் முதலில் இறங்கினாள். ஏணியின் கடைசிப் படியிலிருந்து காலை எடுத்துச் சேற்றில் வைத்தாள். மேலே நின்றவளிடம் மண்வெட்டியைக் கேட்டுக் கையை உயர்த்தினாள். கை உயர்ந்தபடியே பக்கவாட்டில் சாய்ந்தாள். கத்தவில்லை. அடுத்தவள் ஏணியில் கால் வைக்கப்போனபோது அவர் அவளுடைய சேலையைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளியிருக்கிறார். கயிறும் முகமூடியும் வந்துசேர்ந்து அவளை மேலே தூக்கப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆயின.

அவள் சாகவில்லை. பல வாரங்கள் மருத்துவமனையில் இருந்தாள். பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கை நடுங்கும், பேச்சு பாதியில் நின்றுவிடும், எதிரே இருப்பவர் யார் என்று சில நாள் தெரியும், சில நாள் தெரியாது என்று கேள்விப்பட்டேன். அவளுடைய சாப்பாட்டு டப்பா தொட்டிக் கொட்டகையின் ஜன்னலில் மூன்று நாள் இருந்தது. நான்காம் நாள் காணவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நான் பலகை முன் நின்றேன். அவள் ஒப்பந்த ஆள். அடுத்த எண்ணை மாட்டினேன்.

மூக்கு மாமா அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெரியப்பட்டு தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"இருமல் வரலன்னு கையெழுத்துப் போட்டேன் சார். இருமறதுக்கு ஆளே இல்லன்னு அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சி."

அந்த வாரமே அவர் மேலாளரைப் பார்க்க நேரம் கேட்டார். குறிப்பு எடுக்க என்னையும் கூப்பிட்டார்கள். மேலாளர் அவரை உட்காரச் சொன்னார். அவர் நின்றபடியே பேசினார்.

"சார், எனக்கு வாசன தெரியாது. நாலு வருஷமா தெரியாது. என்னய எங்க வேணும்னாலும் மாத்துங்க. தொட்டிக்கு மட்டும் என்னய அனுப்பாதீங்க."

மேலாளர் பேனாவை மூடினார். பழைய மாத இதழ்களின் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்தவன் நான். பக்கத்தைத் தேடி, என் முதல் வாக்கியத்தைச் சத்தமாக வாசித்தார். மருத்துவக் கோப்பையும் திறந்தார். நான்கு ஆண்டுகளும் கற்பூரம், காபி, கிராம்பு, மூன்றும் சரி என்று இருந்தது. பிறகு என்னிடம் திரும்பினார்.

"இது நீங்க எழுதினதுதானே. பொய்யா எழுதுனீங்களா?"

மூக்கு மாமா என்னைப் பார்க்கவில்லை. பலாப்பழத்தைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். கேன்டீனில் அவர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். குறிப்பேடு வீட்டில் அலமாரியில் இருந்தது.

"அன்னிக்கி கேட்டத எழுதினேன் சார்" என்றேன்.

மேலாளர் தலையாட்டினார். அவர் பேசியதைத் திட்டு என்று சொல்லமுடியாது. உங்களுக்கு அதிர்ச்சி, அதனால் இப்படித் தோன்றுகிறது என்றார். நீங்கள் சொல்வது உண்மையானால் நாலு வருஷம் போட்ட கையெழுத்து எல்லாமே பொய்க் கையெழுத்து ஆகிவிடும், அது உங்கள் மேல்தான் வரும், யோசியுங்கள் என்றார். இருபது வருஷம் இந்தக் கம்பெனிக்கு உழைத்தவரை அப்படி விட்டுவிட மனம் வரவில்லை என்றும் சொன்னார். அதை அவர் நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். டாக்டர் மறுபடியும் மூன்று புட்டிகளைத் திறந்தார். மூன்றுக்கும் மூக்கு மாமா தெரியவில்லை என்றார். கோப்பில் 'சளி, தற்காலிகம்' என்று எழுதினார்கள். இரண்டு நாள் ஓய்வு கொடுத்தார்கள். மூன்றாம் நாள் தொட்டிக்கு அனுப்பினார்கள்.

விசாரணை அறிக்கை ஒன்று போனது. அந்தப் பெண் பர்மிட்டுக்கு முன்பே இறங்கிவிட்டதாக அதில் இருந்தது. பர்மிட் சீட்டை நான் மறுபடி பார்க்கவில்லை.

இளைய ஆபரேட்டர் வேறு ஷிப்டுக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார். போகுமுன் கேன்டீனில் அவரைப் பார்த்தேன். மகளின் புது நன்மைப் படங்களை இன்னும் கழுவி வாங்கவில்லை என்றார்.

அதன்பின் வந்த ஆண்டுப் படிவத்தில் மூக்கு மாமாவுக்கு எல்லாக் கேள்வியிலும் ஐந்தாவது கட்டம்தான். கடைசி இரண்டு வரியில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். லீவு போடாமல் வந்தார். நிர்வாகத்தின் கணக்குப்படி அந்த ஆலையின் மிகவும் விசுவாசமான தொழிலாளி அவர்தான். குடியரசு தினத்தில் அதற்காக ஒரு கேடயம் கொடுத்தார்கள். வாங்கும் படத்தை நான்தான் எடுத்து இதழில் போட்டேன். கீழே இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை.

2011 டிசம்பர் கடைசியில் புயல் வந்து பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துப் போட்டது. ஆலையின் கொட்டகைக் கூரைகள் பறந்தன. அவற்றைப் படம் எடுக்கும் வேலை எனக்கு 2012 நடுவரைக்கும் இருந்தது. அப்படி ஒரு காலையில்தான் தொட்டிப் பக்கம் போனேன்.

நான்கு பெண்கள் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி வரிசையாக நின்றார்கள். புதியவர்கள் இருவர், பழையவர்கள் இருவர். எல்லோருடைய காதும் தொட்டிப் பக்கம் இருந்தது. தொட்டிக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் வந்துகொண்டிருந்தது. மூக்கு மாமாவின் குரல். அத்தனை ஆண்டுகளில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

பழைய பெண்களில் ஒருத்தி எனக்கு விளக்கினாள். தகவல் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"மாமாதான் மொதல்ல எறங்கும். பத்து நிமிசம் பேசிக்கினே நிக்கும். பேச்சு நின்னா கிட்ட வராதீங்க, கேட்டுக்கு ஓடுங்கன்னு சொல்லியிருக்குது."

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு வுழுந்ததுலேர்ந்து."

அப்படியானால் இரண்டு ஆண்டுகள். வாரத்துக்கு இரண்டு முறை. ஏணியில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதன் மறுமுனை அவர் இடுப்பில் இருந்திருக்கவேண்டும். குடை விளிம்பில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, குடைக்குக் கீழே மடித்த பர்மிட் சீட்டு. அவருக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

நான் கேமராவை எடுக்கவில்லை. பெண்களோடு நின்றேன். குரல் வந்துகொண்டிருந்தது. புயலைப் பற்றிப் பேசினார். புதுச்சத்திரத்தில் எந்தெந்த வீட்டுக் கூரை போனது என்று வரிசையாகச் சொன்னார். பிறகு பலாமரங்களைப் பற்றிப் பேசினார். இனிமேல் மரம் வச்சி, அது காச்சி, பழுத்து, அதுக்குள்ள நாம எங்க இருக்கப்போறோம், யாராவது ஒரு பழம் கொண்டாந்தா பஸ்ல என்னா வாசன அடிக்கும், முட்லூர்லயே தெரிஞ்சிரும்...

அந்த இடத்தில் குரல் நின்றது.

பழைய பெண் தலையை நிமிர்த்தினாள். புதியவள் ஒருத்தி சேலை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு வாயில் இருந்த பக்கம் திரும்பினாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். நேரம் குறிப்பது என் பழைய பழக்கம்.

"...கோணியில சுத்தி வச்சாலும் தெரியும்" என்றது குரல், உள்ளேயிருந்து.

அந்த மாதம் நான் வேலையை விட்டேன். போவதற்கு முன் அவரிடம் என் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. இதழை இப்போது வேறு யாரோ தயாரிக்கிறார்கள்; பலகையில் எண்ணையும் அவர்தான் மாற்றுகிறார் என்று நினைக்கிறேன். சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போகும்போது ஆலப்பாக்கம் தாண்டியதும் நான் ஜன்னலை இறக்குவதில்லை. மூச்சை நன்றாக இழுத்துப் பார்க்கிறேன். இதுவரை தெரிகிறது.